வலது காலில் முடித்துவிட்டு எழுவது

மார்ச் 20, இரவு ஒன்பதரை மணி. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனின் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தை, அதாவது மாதா மாதம் ஜிஎஸ்டி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் படிவத்தை, எண் எண்ணாகச் சரிபார்த்து முடித்துவிட்டு அவரை அழைத்தேன். சமர்ப்பிக்க வேண்டிய ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். அவர் எடுக்கவில்லை, ஏதோ கல்யாண வரவேற்பில் இருந்தாராம். சரி, பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடலாம் என்று அடுத்தவர் கணக்கைத் திறந்தேன். அந்தப் பத்து நிமிடம் ஏப்ரல் 10 வரை நீண்டது. அன்றைக்கு அவருடைய விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1 போட உட்கார்ந்தபோது ஜிஎஸ்டி தளம் விடவில்லை. போன மாத 3பி நிலுவையில் இருந்தால் அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. அப்போதுதான் தெரிந்தது, நான் சேமித்திருந்தேன், சமர்ப்பிக்கவே இல்லை.

நாளுக்கு 50 ரூபாய் வீதம் 21 நாளுக்குத் தாமதக் கட்டணம் 1,050 ரூபாய். வட்டி தனி. இரண்டையும் நானே கட்டினேன். அண்ணன், "விடு கண்ணு, பாத்துக்கலாம்" என்றுதான் சொன்னார். எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. ஒரு மணி நேர வேலையை ஒழுங்காகச் செய்து, கடைசி ஆறு இலக்கத்துக்காக அதை நட்டாற்றில் விட்டிருந்தேன்.

பதினான்கு வருடமாகச் சேலம் அம்மாப்பேட்டையில் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி மண்டி, விசைத்தறி, தட்டுவடை செட் கடை என்று முப்பத்திரண்டு பேர். மாதத்தில் 7-ஆம் தேதி டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) கட்டியாக வேண்டும், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி. இது தவிர சமையல், மாமியாருக்கு மாத்திரை, பையனுக்குப் பள்ளிக்கூடம். என்னிடம் வேலை கற்க இரண்டு பெண்கள் வருகிறார்கள். "அக்கா, எடுத்த வேலையை எப்படிக்கா முடிக்கறது? உட்கார்ந்தா மனசு நிக்க மாட்டேங்குது" என்று அவர்கள் கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். நான் செய்துபார்த்து நின்றதை மட்டும் சொல்கிறேன்.

எழும் முன் ஒரு வரி

என் அப்பா பட்டு நெசவாளி. குழித்தறி. ஒரு பாவு, அதாவது நீளவாட்டு இழை, ஏற்றினால் மூன்று சேலை. நெசவில் ஒரு மிதி வலது கால், அடுத்த மிதி இடது கால் என்று மாறி மாறி வரும். இடையில் எழுந்துபோய்விட்டுத் திரும்பி வந்து எந்தக் காலில் விட்டோம் என்பது மறந்து, அதே மிதியை மறுபடி மிதித்தால் ஒரே திறப்பில் இரண்டு ஊடை, அதாவது குறுக்கு இழை, விழும். சேலையில் அது கோடாகத் தெரியும். அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். வாசலில் யார் கூப்பிட்டாலும், அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும், வலது காலில் முடித்துவிட்டுத்தான் எழுவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் யோசிக்கவே வேண்டாம், இடது கால். அறுந்த இழை இருந்தால் முடி போட்டுவிட்டே எழுவார். ஊடை நூல் சுற்றிய அடுத்த தாரையும், ஊடையைக் கொண்டுபோகும் நாடாவுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருப்பார்.

சின்ன வயதில் பார்த்துக்கொண்டே இருந்தும் அது எனக்கு வெறும் பழக்கமாகத்தான் தெரிந்தது. அந்த 1,050 ரூபாய்க்குப் பிறகுதான் புரிந்தது. என் வேலை நின்றுபோன இடங்களை எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலும் சோம்பலில் நிற்கவில்லை. நடுவில் எழுந்தபோது அடுத்து என்ன என்பதை எங்கும் வைத்துவிட்டு வரவில்லை. திரும்பி வந்தால் முதலில் இருந்து யோசிக்க வேண்டியிருக்கும். அந்த யோசனைக்குப் பயந்தே கை வேறு எதையாவது எடுக்கும், பெரும்பாலும் போனை.

இப்போது மேசையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் திறந்தே இருக்கும். எழும் முன் அதில் ஒரு வரி. குக்கர் மூன்றாவது விசில் அடித்துவிட்டாலும் சரி, அந்த ஒரு வரி எழுதிவிட்டுத்தான் எழுவேன். எப்படி எழுதுவேன் என்றால், "மண்டி: வாங்கிய பில் 41 வரை ஏற்றியாச்சு. 42 மங்கல், போட்டோ மறுபடி கேள். அப்புறம் 43." இருபது வினாடி ஆகும். திரும்பி வந்தால் 42-இல் கை போய் நிற்கும்.

இதை ஆராய்ந்தே பார்த்திருக்கிறார்கள் என்று பின்னால்தான் படித்தேன். சோஃபி லெராய் என்ற மேலாண்மைத் துறைப் பேராசிரியர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று காட்டினார். எச்சில் பாத்திரத்தைக் கழுவாமல் அதிலேயே அடுத்த சமையலைத் தொடங்குவது மாதிரி என்று என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். பிறகு 2018-இல் தெரசா குளோம்ப் என்பவரோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு இன்னும் பயனுள்ளது. குறுக்கீடு வந்தவுடன், எங்கே நிறுத்துகிறோம், திரும்பி வந்தால் முதலில் எதைத் தொடுவோம் என்று கொஞ்சம் எழுதிவைத்தவர்கள் குறுக்கே வந்த வேலையையும் நன்றாகச் செய்தார்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. அந்த வரி நீங்கள் விட்டுவிட்டு வந்த வேலைக்கு மட்டும் உதவுவதில்லை. பையன் வந்து கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்கும்போது, மண்டி பில்லை மனதில் சுமக்காமல் அவன் முகத்தைப் பார்த்துப் பேசவும் உதவுகிறது.

ஒரு எச்சரிக்கை. அந்த வரியைப் போனில் எழுதாதீர்கள். எழுதத் திறந்த போன் எழுதிவிட்டு மூடாது.

கேள்வியை வேலை என்று எழுதாதீர்கள்

அப்பா இறந்து மூன்று வருடம் வரை என் நோட்டில் "வீட்டுப் பட்டா" என்று ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு மாதமும் புது நோட்டுக்கு மாற்றி எழுதுவேன். பார்த்தாலே வயிற்றில் ஏதோ செய்யும், பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அது வேலையே இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை. அதற்குள் ஏழெட்டு வேலை இருந்தது, அப்பா இல்லை என்ற துக்கமும் இருந்தது. எல்லாம் சேர்ந்த மூட்டைக்கு நான் வைத்த பெயர் அது.

ஒரு நாள் மதியம் மூட்டையை அவிழ்த்தேன். பட்டா மாறுதலுக்கு முதலில் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அது தாசில்தார் கொடுப்பது, விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போடலாம். அதற்கு அப்பாவின் இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுகள் எல்லோருடைய ஆதார் வேண்டும். ஆக, என் முதல் வேலை "வீட்டுப் பட்டா" இல்லை. "பீரோ மேல் தட்டு, பச்சைப் பையில் இறப்புச் சான்றிதழ் இருக்கிறதா பார்." அவ்வளவுதான். இரண்டாவது, "தம்பியிடம் ஆதார் நகல் வாட்ஸ்அப்பில் கேள்." மூன்றாவது, "செவ்வாய் காலை 11 மணிக்கு இ-சேவை." கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குக் கூப்பிட்டார், அதற்கொரு காலை போனது. சான்றிதழ் வந்ததும் பட்டா மாறுதல் விண்ணப்பம். எல்லாம் முடிய நான்கு மாதம் ஆனது. நான் கைப்பட செலவழித்த நேரத்தைக் கூட்டினால் பத்து மணி நேரம்கூட வராது. மூன்று வருடமாக நான் பயந்தது அந்தப் பத்து மணி நேரத்துக்குத்தான்.

ஒரு வரியை எழுதியதும் சோதித்துப் பாருங்கள். அதைப் படித்தவுடன் உங்கள் கை எங்கே போகும் என்று தெரிகிறதா? பீரோவுக்கா, போனுக்கா, எந்தக் கோப்புக்கா? தெரியவில்லை என்றால் அது இன்னும் கேள்விதான். "உடம்பைக் குறைக்கணும்" என்பது கேள்வி. "நாளை ஆறு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை வரை" என்பது வேலை. "இங்கிலீஷ் கத்துக்கணும்" என்று எழுதும் பிள்ளைகளிடம் நான் எப்போதும் கேட்பது, "சரி, இன்னைக்கு சாயங்காலம் கையில எதை எடுப்பே?"

காத்திருக்கும் பக்கம்

முக்கால்வாசி முடிந்த வேலைதான் ஆபத்தானது. தொடங்காத வேலை உறுத்திக்கொண்டே இருக்கும். முக்கால் முடிந்ததோ, முடிந்துவிட்டது என்று மனசு அதை இறக்கிவைத்துவிடும். என் 3பி-க்கு நடந்தது அதுதான்.

இப்போது நோட்டின் கடைசிப் பக்கம் முழுவதும் பிறர் கையில் இருக்கும் வேலைகளுக்கு. மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். யாரிடம் நிற்கிறது, என்ன வரவேண்டும், எப்போது மறுபடி கேட்பது. மூன்றாவது கட்டம் இல்லாமல் அந்தப் பக்கத்தால் ஒரு பயனும் இல்லை. "ஓடிபி, கொலுசு அண்ணன், 9.45" என்று எழுதி, 9.45-க்கு அலாரமும் வைத்துவிடுவேன். காலையில் முதலில் திறப்பது இந்தக் கடைசிப் பக்கத்தைத்தான்.

இன்னொன்று, எது வந்தால் வேலை முடிந்தது என்று முன்னாலேயே தீர்மானித்துவிடுங்கள். ஜிஎஸ்டியில் எனக்கு அது ஏஆர்என் என்ற ஒப்புகை எண். அது திரையில் வந்து, நோட்டில் எழுதி, கட்சிக்காரருக்கு அனுப்பிய பிறகுதான் அந்த வரியை அடிப்பேன். வருமான வரிக் கணக்கைச் சமர்ப்பித்த பிறகும் 30 நாளுக்குள் மின்-சரிபார்ப்பு செய்யாவிட்டால் அது போட்ட கணக்காகவே ஆகாது. எத்தனையோ பேர் அந்த இடத்தில்தான் ஏமாந்து நிற்கிறார்கள். வீட்டு வேலைக்கும் இப்படி ஒரு ஏஆர்என் உண்டு. மாமியாரின் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கியது முடிவு இல்லை. திங்கள் முதல் ஞாயிறு வரை டப்பாவில் பிரித்துப் போட்டால்தான் முடிவு.

நேரமும் போனும்

எங்கள் தெருவில் ஏழரை மணிக்குமேல் விசைத்தறிச் சத்தம். அதற்கு முன் ஐந்தரை முதல் ஏழரை வரை இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைக்கிறது. புதிதாக யோசிக்க வேண்டியதை, தப்பு வந்தால் பணம் போகக்கூடியதை எல்லாம் அந்த நேரத்தில் வைப்பேன். மதியம் சாப்பிட்டபின் கண் சொருகும். அப்போது வவுச்சர் ஏற்றுவது, காகிதம் கோப்பில் போடுவது. மதியத் தூக்கக் கலக்கத்தோடு சண்டை போட்டு ஜெயித்த நாள் எனக்கு நினைவில் இல்லை. அந்த நேரத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுத்துவிட்டால் சண்டையே வேண்டாம்.

காலை இரண்டு மணி நேரமும் போன் சமையலறையில் அரிசி டிரம் மேல் இருக்கும். மேசையில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், சைலண்டில் போட்டுப் பார்த்தேன், கை தானாகவே போகிறது. எழுந்து நடந்து போகவேண்டிய தூரம் இருந்தால்தான் போகவில்லை. கட்சிக்காரர்களிடம் நேராகவே சொல்லிவிட்டேன், "அண்ணா, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு, சாயங்காலம் நாலிலிருந்து அஞ்சு, இந்த நேரத்துல கூப்பிடுங்க, கண்டிப்பா எடுப்பேன்." கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். ஒருவரும் போகவில்லை. சொன்ன நேரத்தில் தவறாமல் எடுப்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆனால் 18, 19, 20 தேதிகளில் இது நடக்காது. அந்த மூன்று நாளும் நாள் முழுக்கப் போன் கையில்தான். ஆகவே அந்த நாட்களில் புது வேலை எதையும் தொடங்குவதில்லை.

ஒரே நேரத்தில் கையில் மூன்று கணக்குக்குமேல் திறந்து வைக்கமாட்டேன். நான்காவது வேண்டுமானால் ஒன்று முடிந்திருக்க வேண்டும், அல்லது காத்திருக்கும் பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். அப்பாவின் தறியில் ஒரு பாவு இறங்காமல் அடுத்த பாவு ஏறாது. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் நானே போட்டுக்கொண்ட வரம்பு இது.

எப்போது என்று கட்டிவிடுங்கள்

செய்யவேண்டும் என்று நினைப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் "அப்புறம்" என்ற சொல் உட்கார்ந்திருக்கிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார் அம்மா. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் இதைப் பல வருடம் ஆராய்ந்தவர். செய்யப்போகிறேன் என்று உறுதி எடுத்துக்கொள்வதைவிட, "இது நடந்தவுடன் அதைச் செய்வேன்" என்று ஒரு நிகழ்ச்சியோடு கட்டிவைத்தவர்கள் அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அவர் கண்டது. என் வீட்டில் பால் பாக்கெட் எடுத்து உள்ளே வந்தவுடன் மாமியாரின் தைராய்டு மாத்திரை, வெறும் வயிற்றில். வாசலில் கோலம் போட்டுக் கை கழுவியவுடன் கணினியைத் திறப்பது. பையன் வேன் ஏறியவுடன் நடை. கடிகாரத்தைவிட இந்தக் கட்டு எனக்கு நன்றாகப் பிடிக்கிறது. கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், பால் ஒரு முறைதான் வரும்.

ஆடி மாதம்

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆடி வந்தால் கோட்டை மாரியம்மன் தொடங்கி ஊரிலுள்ள எல்லா மாரியம்மனுக்கும் திருவிழா. பூச்சாட்டு, பொங்கல், குகையில் வண்டி வேடிக்கை, வீடு நிறைய உறவு. சம்பளக்காரர்களின் வருமான வரிக் கணக்குக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. அது ஆடியின் நடுவில்தான் வந்து விழும். பல வருடம் சாமி கும்பிடும்போதும் மனசு கணினியில், கணினி முன் உட்கார்ந்தால் மனசு கோயிலில் என்று இரண்டும் கெட்டது.

இப்போது என்னுடைய கடைசி நாள் ஆடி 1, அதாவது ஜூலை 17 வாக்கில். சம்பளம் தருபவர்கள், பிடித்த வரிக்கான சான்றாகிய படிவம் 16-ஐ ஜூன் 15-க்குள் கொடுத்தாக வேண்டும். ஆக எனக்குச் சரியாக ஒரு மாதம் இருக்கிறது. ஜூன் 16 அன்றே எல்லோருக்கும் செய்தி அனுப்பிவிடுவேன், "ஆடி பிறக்கும் முன் படிவத்தைக் கொடுங்கள்." போன வருடம் ஆடியில் மூன்று நாள் கணினியைத் தொடவே இல்லை. நிம்மதியாக மாவிளக்கு போட்டேன்.

உங்கள் வீட்டு நாட்காட்டியில் வேலை நடக்காது என்று தெரிந்த நாட்களை முதலில் குறியுங்கள். திருவிழா, தேர்வு, பிரசவம், பொங்கல் வெள்ளையடிப்பு. மிச்ச நாளில்தான் உங்கள் வேலை நடக்கும். அந்த நாட்களும் இருப்பதாக நினைத்துப் போடும் திட்டம் போட்ட அன்றே தோற்றுவிடும்.

முடியாத நாட்கள்

காய்ச்சல், வீட்டில் சண்டை, இரவெல்லாம் தூக்கமில்லை. அப்படிப்பட்ட நாளுக்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். காத்திருக்கும் பக்கத்தை மட்டும் திறந்து பார், இன்று கேட்க வேண்டியவர்களை மட்டும் கேள். பத்து நிமிடம். பிறகு படுத்துவிடலாம்.

ஆனால் சிலருக்கு இது நாள் கணக்கில் இல்லை, சின்ன வயதிலிருந்தே இப்படி. எதிலும் ஐந்து நிமிடம் நிற்க முடியாது, எடுத்ததெல்லாம் பாதியில் விழும், பொருளெல்லாம் தொலையும், வீட்டில் திட்டு வாங்கி வாங்கி மனசே உடைந்திருக்கும். எனக்கு நெருங்கிய ஒரு பையன் அப்படித்தான் இருந்தான். சோம்பேறி என்றே வளர்த்தோம். இருபத்திரண்டு வயதில்தான் மனநல மருத்துவரிடம் போனான். கவனக்குறைபாடு என்று அவர் சொன்னபோது அவன் அழுததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இது பெரியவர்களுக்கும் இருக்கிறது, சிகிச்சையும் இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. போனில் முதலில் பேசிப்பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அப்படிப்பட்டவர்களிடம் நோட்டை மட்டும் கொடுத்து, எழுது சரியாகிவிடும் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நாங்கள் அந்தத் தவறைச் செய்திருக்கிறோம்.

சனிக்கிழமை சாயங்காலம்

வாரத்தில் ஒரு முறை, சனிக்கிழமை விளக்கு வைத்த பிறகு, மிச்சமிருக்கும் வரிகளைப் புதுப் பக்கத்துக்குக் கையால் மாற்றி எழுதுவேன். கையால் எழுதுவது வேண்டும் என்றே. மூன்றாவது முறையாக ஒரு வரியை எழுதும்போது கை வலிக்கும், அப்போது அதைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். இரண்டே வழி. ஒன்று, இது எனக்கு இனி வேண்டாம் என்று மனதார அடித்துவிடுவது. அல்லது கை போகுமிடம் தெரியும் அளவுக்கு அதைச் சின்னதாக்கி எழுதுவது.

அப்படி நான் அதிக முறை மாற்றி எழுதிய வரி, "அப்பாவின் தறியை என்ன செய்வது?" அதில் கேள்விக்குறியே இருந்தது, எனக்குத்தான் கண்ணில் படவில்லை. போன தையில் ஒரு சனிக்கிழமை அதை அடித்துவிட்டு இப்படி எழுதினேன்: "சித்தப்பாவுக்குப் போன் செய். ஞாயிறு பத்து மணிக்கு வந்து அச்சும் விழுதும் தேறுமா என்று பார்க்கச் சொல்." அவர் வந்தார். குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, காலால் மிதிகளைத் தடவிப் பார்த்தார். "வலது மிதி தேஞ்சு கெடக்கு பாரு கண்ணு" என்றார். மறு வாரம் ஒரு டெம்போவில் ஏற்றிப் பொன்னம்மாபேட்டைக்குக் கொண்டுபோனார். மாசியில் அதில் பாவு ஏறியது.